குடவோலையும் மூன்றாம் மாடியும்

காஞ்சிபுரத்தில் பட்டு நெய்து வாழும் குடும்பமொன்றின் தாய் நமக்கு எழுதிய மடல் இத்திங்கள் நம் பக்கத்தை முழுவதுமாக எடுத்துக்கொள்கிறது. பெயரையும் தெருவையும் வெளியிட வேண்டா என்று அவர் கேட்டிருக்கிறார், வெளியிடோம். செய்தி இதுதான்: இவர்கள் நெடுங்காலமாய் வாடகைக்கு இருந்துவரும் ஓட்டு வீட்டை அதன் உரிமையாளர் இடித்துக் கட்டப் போகிறார். அரசின் வீட்டுத் திட்டம் ஒன்றில் இவர்கள் முன்பே மனுச் செய்திருந்தனர். குலுக்கலில் பெயர் வந்தது, வீடும் கிடைத்தது. ஆனால் அது மூன்றாம் மாடியில். "அங்கே நான் தறியை எங்கே போடுவேன்? நமக்கு அது வேண்டாம்" என்கிறார் கணவர். மாமியாரோ, "சீட்டிலே ஆண்டவர் எடுத்துக் கொடுத்ததைத் தள்ளுவது பாவம்" என்கிறார். மறுத்தால் இறைவனின் திருவுளத்தையே மறுத்தவர்கள் ஆவோமா என்று கேட்டு மடலை முடித்திருக்கிறார் அத்தாய். பதில் சொல்ல இன்னும் சில நாள்களே தவணை உள்ளதாம்.

நெசவுத் தொழிலை அறியாத வாசகர்களுக்காக ஒரு சொல். காஞ்சிபுரத்து வீடுகளில் வழிவழியாகப் போடப்படுவது குழித்தறி. தரையில் பள்ளம் எடுத்து, அப்பள்ளத்தில் கால்களை இறக்கி உட்கார்ந்து, மிதியை மிதித்து நெய்வது அது. மண்ணின் ஈரத்தன்மை இழைக்கு நல்லது என்பது நெசவாளர் அனுபவம். தறியின் மேலே சேலையின் வேலைப்பாட்டுக்குரிய ஜக்கார்டு பெட்டி நிற்க உயரமும் வேண்டும். உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமுமாகக் கோர்வை போட்டு நெய்வதானால், பக்கத்தில் ஒரு துணையாளும் உட்காரவேண்டும். பாவைத் தெருவில் நீள நீட்டிக் கஞ்சி தடவிக் காயவைக்க விடியற்காலைத் தெருவும் வேண்டும். மூன்றாம் மாடியின் தளத்தில் எவரும் பள்ளம் எடுக்க இயலாது. எடுத்தால் அது இரண்டாம் மாடிக்காரரின் கூரை. ஆகவே அந்தக் கணவர் பேசியது பிடிவாதமன்று. குலுக்கல் அவருக்கு வீட்டைத் தந்தது; அதே கையால் தொழிலை எடுத்துக்கொண்டது.

இனி மாமியாரின் வார்த்தைக்கு வருவோம். அதில் விசுவாசம் இருக்கிறது. அதை நாம் மதிக்கிறோம். விவிலியத்தில் சீட்டுப் போடுதல் பல இடங்களில் வருகிறதென்பதும் உண்மையே. யோசுவா சீலோவில் நாட்டைச் சீட்டுப் போட்டுப் பங்கிட்டார். யூதாசின் இடத்துக்குச் சீட்டு மத்தியாவின் பெயரில் விழுந்தது. ஆனால் சிலுவையின் அடியிலும் ஒரு சீட்டு போடப்பட்டதை மறக்கலாகாது. தையலின்றி மேலிருந்து ஒரே துணியாக நெய்யப்பட்டிருந்த ஆண்டவரின் அங்கிக்காகப் படைவீரர் சீட்டுப் போட்டனர். நெசவும் குலுக்கலும் ஒருங்கே சந்திக்கும் அந்த இடத்தில், அங்கியைப் பெற்ற வீரனுக்கு இறைவனே அதைப் பரிசாகத் தந்தார் என்று யாரும் சொல்வதில்லை.

புனித தோமா அக்குவினார் தம் இறையியல் பெருநூலில் இதைப் பகுத்துக் காட்டியிருக்கிறார். சீட்டுகள் மூவகை: ஒரு பொருள் யாருக்குச் சேரவேண்டும் என்று பங்கிடுவது ஒன்று, தாம் என்ன செய்யவேண்டும் என்று கேட்பது இரண்டாவது, வரப்போவது என்னவென்று குறி கேட்பது மூன்றாவது. உடன்படிக்கையால் பங்கிட முடியாத இடத்தில் முதல்வகையைக் கையாள்வதில் குற்றமில்லை என்கிறார் அவர். குறி கேட்பதைக் கண்டிக்கிறார்.

வீட்டு வாரியத்தின் குலுக்கல் இம்மூன்றில் முதல்வகை. வீடுகள் நூறு, மனுக்கள் ஆயிரம் என்றிருக்கையில், சிபாரிசுக்கும் கையூட்டுக்கும் இடமின்றிப் பங்கிட மனிதர் கண்ட வழி அது. அது இந்தக் குடும்பத்துக்கு மூன்றாம் மாடி வீட்டைப் பெற உரிமை தந்திருக்கிறது. அதில் போய்க் குடியிருந்தே தீரவேண்டும் என்ற கட்டளையைத் தரவில்லை. ஏற்பதா மறுப்பதா என்பதைத் தீர்மானிக்க இறைவன் தந்திருப்பது சீட்டையன்று, விவேகத்தை. ஆகவே அம்மா, மறுத்தால் பாவமில்லை. மாமியாரிடம் இதை மெல்லச் சொல்லுங்கள்.

ஆயினும் அவசரப்பட்டு மறுத்துவிடாதீர்கள். எண்ணிக்கை நூலில் ஒரு நுட்பம் உண்டு. நாட்டைப் பங்கிடும்போது பெரிய குலத்துக்குப் பெரிய நிலமும் சிறிய குலத்துக்குச் சிறிய நிலமும் என்று தேவையை முதலில் அளந்துவிட்டு, எந்த இடம் என்பதை மட்டுமே சீட்டுக்கு விடும்படி சொல்லப்பட்டது. தேவையைச் சீட்டிடம் விடவில்லை! இன்றைய சட்டமும் இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வீட்டுத் திட்டங்களில் அவர்களுக்கு நூற்றுக்கு 5 பங்கு ஒதுக்கச் சொல்கிறது. 2015 இல் தொடங்கிய பிரதமர் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தின் நெறிமுறைகள், மாற்றுத்திறனாளிகளும் முதியோரும் உள்ள குடும்பங்களுக்குக் கூடியவரை தரைத்தளமோ கீழ்த்தளமோ தரும்படி கூறுகின்றன. மாமியாரின் வயதுக்குரிய சான்று உங்களிடம் இருக்கிறதன்றோ? அதை இணைத்து, தளத்தை மாற்றித் தரும்படி தவணைக்குள் எழுத்து மூலம் மனுக் கொடுங்கள். மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். தரைத்தளம் கிடைத்த வேறொரு குடும்பம் காற்றுக்காக மேல்மாடியை விரும்பக்கூடும். இருவரும் சேர்ந்து மனுக் கொடுத்துப் பாருங்கள். அலுவலகத்தின் இசைவின்றித் தமக்குள்ளேயே மாற்றிக்கொள்வது மட்டும் கூடாது. கணவரின் கூட்டுறவுச் சங்கத்தில் பொதுத் தறிக்கூட வசதி உண்டா என்றும் கேட்டறியுங்கள். தறி ஒரு கூடத்திலும் குடும்பம் ஒரு மாடியிலுமாக இருப்பது மனத்துக்கு இதமாயிராது. ஆனாலும் கூரையின்றி நிற்பதிலும் அது மேல். இவை யாவும் பொய்த்தால், தொழிலுக்கும் வீட்டுக்கும் இடையே தேர்வதைக் கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசிச் செய்யுங்கள். ஒரகடத்துத் தொழிற்சாலைக்குப் போய்வரும் மகளையும் கேளுங்கள். தவணைப் பணத்தில் பெரும்பகுதி அவள் ஊதியத்திலிருந்துதானே போகப்போகிறது?

வேகவதி ஆற்றங்கரையில் குடியிருந்தோருக்கென்று காஞ்சிபுரத்தை அடுத்த கீழ்க்கதிர்பூரில் அடுக்குமாடிகளாக 2112 குடியிருப்புகள் எழுப்பப்பட்டன. வெள்ளத்துக்கு அஞ்சி வாழ்ந்தவர்களுக்கு உறுதியான சுவர் கிடைப்பது நன்றே. ஆனாலும் வேலையும் பள்ளியும் நகருக்குள் இருக்கையில் குடிபெயரப் பலர் தயங்கினர் என்று செய்தி வந்தது. தயங்கியவர்களைச் சோம்பேறிகள் என்றும் நன்றியற்றவர்கள் என்றும் பேசுவோர் நம் பங்குகளிலும் உண்டு. கட்டிக்கொடுத்தவருக்கு அது ஓர் எண். குடிபோகிறவருக்கோ அது விடியற்காலைப் பேருந்து.

குலுக்கலைப் பற்றிப் பேசும்போது காஞ்சி நாட்டாருக்கு ஒரு பழம்பெருமை நினைவுக்கு வராமற்போகாது. காஞ்சிபுரத்துக்குத் தெற்கே உத்தரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிக்கின்றன. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். அவன் தரும் ஓலையைப் பெற்றுக்கொள்பவர் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்கவேண்டும். மறைத்து வைத்த ஓலையை மாற்றிவிடலாகாது அல்லவா! முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர்களும் அவர்தம் உறவினரும் குடத்தில் இடம்பெறமாட்டார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன்னரே இவ்வளவு எச்சரிக்கை.

இதை மேடைகளில் புகழ்ந்து பேசுவோர் ஒன்றை விட்டுவிடுகின்றனர். குடத்துக்குள் யார் பெயர் போயிற்று? கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் அகவையும், வேதப் பயிற்சியும் உடையவர் பெயர் மட்டுமே. அது பார்ப்பனர்க்கு விடப்பட்ட ஊர்; அதில் உழுதவனும் நெய்தவனும் குடத்துக்கு வெளியே நின்றார்கள். குடத்திலிருந்து ஓலையை எடுத்த முறையில் ஒரு குற்றமும் இல்லை. குடத்தில் ஓலையைப் போட்டதில்தான் யாவும் முடிந்துவிட்டது.

அன்று வீடு உள்ளவனுக்கே ஓலை. இன்று வீடு இல்லாதவனுக்கே மனு. காலம் இவ்வளவு திரும்பியது நல்லதே. ஆனால் இன்றைய குடத்துக்கும் வாய் குறுகலாகவே இருக்கிறது. தமக்கோ, கணவன் மனைவிக்கோ, வயது வராத பிள்ளைக்கோ சொந்த வீடில்லை என்று காட்டவேண்டும். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் அட்டை, வங்கிக் கணக்கு யாவும் ஒரே பெயரில் இருக்கவேண்டும். இந்த 'ஒரே பெயர்' நம்மவர்க்கு ஒரு தனித் தொல்லை. திருமுழுக்கு ஏட்டில் ஆரோக்கிய மேரி. பள்ளிச் சான்றிதழில் ஆ. மேரி, குடும்ப அட்டையில் ஆரோக்கியம், திருமணப் பதிவேட்டில் கணவர் பெயரையும் சேர்த்து இன்னொன்று. நான்கு பேரும் ஒருவரே என்று பங்குத்தந்தை அறிவார். அலுவலகத்து எழுத்தர் அறியார். மனு நிராகரிக்கப்படுவது பெரும்பாலும் இத்தகைய சில்லறைக் காரணங்களால்தான். குலுக்கல் அறிவிப்பு வந்தபின் பெயரைத் திருத்த ஓடினால் காலம் போதாது. ஓய்வு மாதமொன்றில் இதை முடித்துவைப்பது குடும்பத் தலைவியின் கையில் இருக்கிறது. மணமான மகன் அதே வீட்டில் இருந்தால், அவனுக்குத் தனிக் குடும்ப அட்டை உண்டா என்பதையும் பாருங்கள்.

இனிச் சொல்லவிருப்பது கசப்பானது. எனினும் சொல்லாமல் விட மனமில்லை. அரசு வீட்டு ஒதுக்கீடுகளில் பட்டியலினத்தார்க்கென ஒரு பங்கு உண்டு. 1950 இல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணை அப்பட்டியலை இந்துக்களுக்கு உரியதாக்கிற்று, 1956 இல் சீக்கியரும் 1990 இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. தமிழகத்தில் ஆதிதிராவிடக் கிறிஸ்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டனர். ஒரே தெருவில், ஒரே கூரையின் கீழ்ப் பிறந்த அண்ணன் ஒரு குடத்தில். திருமுழுக்குப் பெற்ற தம்பி வேறொரு குடத்தில். இதை ஆராய 2022 இல் நடுவண் அரசு நீதியரசர் கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்தது; 2023 ஏப்பிரலில் தமிழகச் சட்டமன்றம் பட்டியல் உரிமையைக் கிறிஸ்தவரான ஆதிதிராவிடர்க்கும் நீட்டிக்கக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது.

இந்நிலையில் சிலர் திருமுழுக்குப் பெயரை மறைத்து வேறு சான்றிதழ் பெற்று மனுச் செய்கின்றனர். வசதியாய் வீடு கட்டிக்கொண்டு வாழும் நாம் அவர்களைப் பழிக்கத் தகுதியற்றவர்கள். ஆனால் ஒன்றை எச்சரிக்கவேண்டும்: சான்று செல்லாதென்று பின்னர் தீர்ப்பானால், அதைக் கொண்டு பெற்ற ஒதுக்கீடும் நிலைக்காது, அதுவரை கட்டிய தவணைக்காகவும் அலுவலகப் படி ஏறவேண்டி வரும். ஆகவே தமக்குரிய பட்டியலில் நேராக மனுச் செய்வதே குடும்பத்துக்குப் பாதுகாப்பு. அத்துடன், குடும்பத்தில் மாற்றுத்திறனாளியோ முன்னாள் படைவீரரோ இருப்பின், அவருக்கென ஒதுக்கிய பங்கு அத்திட்டத்தில் உண்டா என்று விண்ணப்பப் படிவத்தை வரிவரியாய்ப் படியுங்கள். படிவத்தை முழுதும் படியாமல் கையொப்பமிடும் பழக்கம் நம்மிடையே மிகுதி.

குலுக்கலில் பெயர் வராதவர்களின் நிலை என்ன? இங்கே பெரும்பாலும் அடுத்த அறிவிப்புக்காகக் காத்திருந்து முதலிலிருந்து தொடங்கவேண்டியதுதான். சிங்கப்பூரில் 1960 இல் அமைந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கணினிக் குலுக்கல் வைத்தே வீடுகளை விற்கிறது. நம் உறவினர் பலர் அங்கு வாழ்வது அத்தகைய வீடுகளில்தான். அங்கே முதன்முறையாக வீடு வாங்குவோர்க்கும், முன்பு முயன்று கிடைக்காதவர்க்கும் கூடுதல் வாய்ப்பு அளிக்கும் ஏற்பாடு உண்டு. காத்திருந்த ஆண்டுகளுக்கு ஒரு மதிப்புத் தருவது நியாயமென்றே நமக்குப் படுகிறது.

காத்திருத்தலைப் பயனுள்ளதாக்கிய ஒரு பங்கின் கதை உண்டு. கனடா நாட்டின் நோவா ஸ்கோஷியாவில் ரிசர்வ் மைன்ஸ் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் ஜேம்ஸ் டாம்ப்கின்ஸ் என்னும் குரு 1935 முதல் பங்குத்தந்தையாக இருந்தார். சுரங்கக் கம்பெனியின் வீடுகளில் நெருக்குண்டு வாழ்ந்த தொழிலாளர் சிலரை அவர் கூட்டினார். மேரி அர்னால்டு என்ற அம்மையார் நியூயார்க்கில் கூட்டுறவு அமைப்புகளை நடத்திப் பழகியவர். அவர் அங்கு வந்து உதவினார். பணம் திரட்டுவதற்கு முன்னர், வாரந்தோறும் மாலையில் கூடிப் படித்தனர்: நிலத்தின் விலை என்ன, கடனுக்கு வட்டி எவ்வாறு ஏறுகிறது, செங்கல்லும் மரமும் எவ்வளவு ஆகும், சமையலறை எத்திசையில் இருக்கவேண்டும். அட்டையில் வீட்டு மாதிரிகளைச் செய்து பார்த்தனர். பிறகு அரசுக் கடனும் தம் உடலுழைப்பும் சேர்த்து 1938 இல் பதினொரு வீடுகளை எழுப்பினர். அக்குடியிருப்புக்குக் குருவின் பெயராலேயே டாம்ப்கின்ஸ்வில் என்று பெயர் வந்தது. பதினொன்று பெரிய எண்ணன்று. ஆனால் அந்தப் பதினொரு குடும்பமும் எந்தப் படிவத்திலும் படிக்காமல் கையொப்பமிட்டிரா.

கூட்டுறவு காஞ்சிபுரத்தாருக்குப் புதிதன்று. காமாட்சியம்மன், முருகன், அறிஞர் அண்ணா என்ற பெயர்களைத் தாங்கிய பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களை அறியாதவர் அவ்வூரில் இல்லை. பட்டும் சரிகையும் சங்கத்தில் வாங்கி, சேலையைச் சங்கத்தில் கொடுத்துக் கூலி பெறும் குடும்பங்கள், வீட்டுக்கும் சங்கம் என்றதும் ஏன் தயங்குகின்றன? காரணம் உண்டு. மனை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் பெற்று, ஆண்டுக்கணக்கில் காக்கவைத்த சங்கங்களின் பெயர் பல ஊர்களில் கெட்டுக்கிடக்கிறது. எனவே வீட்டுச் சங்கம் ஒன்றில் உறுப்பினராகுமுன், அது பதிவு பெற்றதா, நிலம் சங்கத்தின் பெயரிலேயே உள்ளதா, மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் உண்டா, உறுப்பினர் வரிசை எவ்வாறு எழுதப்படுகிறது என்று நான்கையும் கேளுங்கள். காஞ்சிபுரம் போன்ற கோயில் நகரத்தில் இன்னொன்றும் கேட்கவேண்டும்: மனை கோயிலுக்கு அடிமனை வாடகை கட்டுவதா? அப்படியானால் அதன்மீது எத்தனை செங்கல் அடுக்கினாலும் நிலம் உங்களுடையதாகாது.

தரகர்களைப் பற்றி இரண்டு வரி போதும். குலுக்கலில் பெயர் வரச்செய்கிறேன் என்பவன் பொய் சொல்கிறான்; உண்மையாகவே செய்யக்கூடியவனாயின் அவன் இன்னும் கெட்டவன், ஏனெனில் வேறொரு ஏழையின் பெயரைக் குடத்திலிருந்து எடுத்துவிட்டுத்தான் உங்கள் பெயரைப் போடுவான்.

1987 ஐ ஐக்கிய நாடுகள் அவை வீடற்றோர்க்கான உறைவிட ஆண்டாக அறிவித்தபோது, நீதிக்கும் அமைதிக்குமான திருப்பீட ஆணையம் அவ்வாண்டு டிசம்பர் 27 இல் ஓர் ஏடு வெளியிட்டது. வீடற்ற உன் சகோதரனுக்கு என்ன செய்தாய் என்பதே அதன் தலைப்பு. காயீனிடம் ஆண்டவர் கேட்ட கேள்வியின் சாயல் அதில் இருக்கிறது. வீடின்மை ஒரு குடும்பத்தின் போதாக்குறை அன்று, சமுதாய அமைப்பின் குறை என்பது அவ்வேட்டின் நோக்கு. நம் பங்குகளில் புனித வின்சென்ட் தெ பால் சபையார் வீடுதோறும் சென்று அரிசியும் மருந்தும் தருகின்றனர். அதே வருகையில் குடும்ப அட்டையையும் சான்றிதழ்களையும் வாங்கிப் பார்த்துப் பெயர்ப் பிழைகளைக் குறித்துவந்தால் எவ்வளவோ உதவியாகும். அன்பியக் கூட்டங்களில் படித்த இளைஞர் இருவர் ஒரு மாலைப்பொழுதைப் படிவம் நிரப்புவதற்கு ஒதுக்கலாம்.

குலுக்கலின் முடிவிலோ காத்திருப்போர் வரிசையிலோ ஐயம் எழுந்தால், முணுமுணுப்பதோடு நின்றுவிட வேண்டியதில்லை. 2005 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, பத்து ரூபாய்க் கட்டணம் செலுத்தி வீட்டு வசதி வாரியத்தையோ, 1970 இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021 இல் பெயர் மாறிய நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தையோ கேட்கலாம்: மனுச் செய்தோர் எத்தனை பேர், ஒவ்வொரு பிரிவுக்கும் எத்தனை வீடு, தரைத்தளம் எந்த அடிப்படையில் ஒதுக்கப்பட்டது என்று. முப்பது நாள்களுக்குள் விடை தரவேண்டும். மனுவைத் தமிழிலேயே எழுதலாம், வழக்கறிஞர் தேவையில்லை. தவணைகள் யாவும் கட்டி முடித்தும் கிரயப் பத்திரம் கிடைக்காமல் அலையும் குடும்பங்களைப் பற்றி வேறு இரு மடல்கள் வந்துள்ளன. அவற்றை அடுத்த திங்கள் எடுத்துக்கொள்வோம்.